மறுமொழி: முனைவுள்ள, முனைவற்ற பிணைப்புகளுக்குப் பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

பதினோராம் வகுப்பு வேதியியல் பயிற்சித்தாளின் மொழிபெயர்ப்பை இவ்வாரம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், அணுக்களிடையிலான பிணைப்பு வகைகளைத் தமிழில் எப்படிப் பெயரிடுவது என்று கேட்ட எல்லா மடல்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அயனிப் பிணைப்பு என்ற பெயரில் எவருக்கும் மறுப்பில்லை. கோவேலன்ட் பிணைப்பைத் தமிழ்நாட்டில் சகப்பிணைப்பு என்றும் இலங்கையில் பங்கீட்டு வலுப்பிணைப்பு என்றும் வழங்குகிறோம். எலக்ட்ரான்கள் பங்கிடப்படுவதைச் சொல்லிலேயே காட்டும் இலங்கை வழக்கே சிறந்தது என்பது என் எண்ணம். எனினும், 'சக' வடசொல் என்பதற்காக மூன்றாவதொன்றைப் புதிதாக ஆக்கத் தேவையில்லை.

எலக்ட்ரான் இணை ஓர் அணுவின் பக்கம் சாய்ந்திருக்கும் பிணைப்பைக் குறிக்கும் 'போலார்' என்பதற்குத் துருவம் வேண்டாம் என்பதில் நம் குழுவின் புலவர் ஐயாவுடன் உடன்படுகிறேன். ஆனால் தொல்காப்பிய உரியியல் "முனைவு முனிவாகும்" என்று வெறுப்புப் பொருள் கூறுவதால் 'முனைவு' ஆகாது என்ற அவர் வாதத்தை ஏற்க இயலவில்லை. அதே நூலின் மரபியல் முதல்நூல் செய்தவனை 'முனைவன்' என்கிறதே. முனைவர் பட்டம் பெற்றவரை இன்று எவரும் வெறுப்பவர் என்று கொள்வதுமில்லை. காந்தத்தின் வடமுனை, தென்முனை என்று படித்த பிள்ளைக்கு முனைவு தானே விளங்கும்.

என் தயக்கமெல்லாம் 'முனைவற்ற' என்பதில்தான். குளோரின் மூலக்கூற்றில் அணுக்கள் இரண்டும் ஒரே தனிமம் என்பதால் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை அணு தன்பால் இழுக்கும் திறன்) வேறுபாடு சுழி. அங்கே 'அற்ற' முற்றும் பொருந்தும். கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே இத்திறனைக் குறிக்கும் பாலிங் அளவில் வேறுபாடு 0.35 இருந்தும் அப்பிணைப்பையும் அதே பெயரில் அடக்குகிறோம். ஹைட்ரஜன் குளோரைடில் வேறுபாடு 0.96, சோடியம் குளோரைடில் 2.23. 1.7க்கு மேற்பட்டால் அயனிப் பிணைப்பு என்ற விதியை அப்படியே கொண்டால், 1.78 உள்ள ஹைட்ரஜன் புளூரைடும் அயனிச் சேர்மமாக வேண்டும். அதுவோ 20 பாகை செல்சியசுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும் மூலக்கூற்றுச் சேர்மம். படிப்படியாக மாறும் இத்தன்மையைக் காட்ட, சுழி வேறுபாட்டுக்கு மட்டும் 'முனைவற்ற' என்றும் சிறு வேறுபாட்டுக்குக் 'குறைமுனைவு' என்றும் எழுதலாமா? கார்பன் டைஆக்சைடில் பிணைப்பு முனைவுள்ளது, மூலக்கூறு முனைவற்றது என்பதால், எந்தச் சொல்லைக் கொண்டாலும் 'பிணைப்பு' என்பதை விடாமல் சேர்த்தே எழுத வேண்டும்.

—

ஐயா, வணக்கம். 'குறைமுனைவு' கருத்தளவில் சரியே. ஆனால் தேர்வுத்தாளில் 'முனைவற்ற' என்றே கேட்கப்படும்போது ஆசிரியராகிய நான் நான்காவது வகையொன்றைக் கற்பிக்க இயலாது. முனைவுள்ள, முனைவற்ற என்பவற்றையே வைத்து, 0.35ஐ அடிக்குறிப்பில் விளக்கிவிடுங்கள்.

—

பெரும்பான்மையோர் அதையே விரும்புவதால் அவ்வாறே அனுப்புங்கள். உரியியலை விட்டுவிட்டாலும் புலவனாகிய என் மறுப்பு நிற்கிறது: 'முனைவு' தொழிற்பெயர், எலக்ட்ரான் இணை ஒருபுறம் சாய்ந்திருப்பதோ பிணைப்பின் பண்பு. பண்பைக் குறிக்க 'மை' என்னும் ஈறே பொருத்தம். 'முனைமை' என்பதே இலக்கணப்படி தகும்.