கூலிக்கு நட்ட கண்டல் நிற்குமா?

(அலையாத்திக் காடுகளை, அதாவது கண்டல் காடுகளை, மீட்பது பற்றிய ஒரு விவாதம். ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்.)

உப்பங்கழி

பிச்சாவரம், முத்துப்பேட்டை என்றாலே "மக்களே மீட்ட அலையாத்திக் காடு" என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கால்வாய் வெட்டி, கன்று நட்டு, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு போவது வேலை. அதை எப்படி ஆதரவு என்பது? உண்மையான ஆதரவு என்றால் திட்டப் பணம் நின்ற பிறகும் யாராவது மண்வெட்டியோடு இறங்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் கால்வாய் வாய் திறந்திருக்கிறதா, தூர்ந்து கிடக்கிறதா? நடவு நாள் போட்டோ எனக்கு வேண்டாம், இதற்குப் பதில் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை

முதலில் காடு ஏன் போனது என்று பார்ப்போம். ஊர்க்காரர்கள் விறகுக்கு வெட்டியும் மாடு மேய்த்தும் அழித்தார்கள் என்றுதான் பல காலம் சொல்லிவந்தார்கள். 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோது வேறு காரணம் தெரிந்தது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுக்கான பகுதிகளாக, பிரித்து மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். நிழல் போன சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, நடுவில் தாம்பாளம் மாதிரிக் குழிந்துவிட்டது. அமாவாசை ஓதத்தில் (கடல் ஏற்றத்தில்) உள்ளே ஏறிய தண்ணீருக்கு வற்றத்தில் வெளியே போக வழியில்லை. அங்கேயே நின்று காய்ந்து உப்பாகும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. கோடையில் இந்தக் குழிகளில் அது இரண்டு மடங்கையும் தாண்டும். கண்டல் வகைகளில் உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டலே தாங்காத இடத்தில், இன்னொரு வகையான சுரபுன்னை எம்மாத்திரம்? உப்புத்தரையில் வளரும் உமரிச் செடிதான் நிற்கும்.

வெட்டச் சொன்னது அரசு. அதைச் சரிசெய்ய ஊர்க்காரன் மட்டும் ஏன் சும்மா உழைக்க வேண்டும்? கூலி கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

மட்டுநகரான்

கூலியா தொண்டா என்பதை விடுங்கள், நட்ட இடம் எது? 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் ஆயிரம் ஹெக்டேருக்குக் குறையாமல் கண்டல் நட்டார்கள். 2017இல் வந்த ஆய்வு 23 இடங்களைப் பார்த்தது; ஒன்பதில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. மொத்தத்தில் தேறியது 200 ஹெக்டேர் சொச்சம்தான். நட்டதில் பெரும்பகுதி சுரபுன்னை இனம். முருங்கைக்காய் மாதிரி நீளமான காய், பொறுக்கவும் சுலபம், சேற்றில் குத்தவும் சுலபம், எண்ணிக்கைக் கணக்குக் காட்டவும் சுலபம். ஆனால் களப்பில் (கடலோரக் காயலில்) எப்போதும் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் அதைக் குத்தினால், சனம் எவ்வளவு மனமுவந்து நட்டாலும் கன்று மூச்சுமுட்டித்தான் சாகும். தப்பிய கன்றின் தண்டில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் அப்பிக்கொண்டு பாரத்தில் சாய்க்கும்.

நடுவதற்கு முன்னம் ஒரு வேலை உண்டு. நட நினைக்கிற இடத்தில் பத்துப் பதினைந்து கம்புகளை ஊன்றி, அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை ஒவ்வொரு ஓதத்திலும் தண்ணீர் எந்த அளவுக்கு ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் தானாக வளர்ந்த கண்டல் மரத்தடியிலும் ஒரு கம்பு. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கே நடக் கூடாது. இதற்குப் பதினைந்து நாள்தான் செலவு. அந்தப் பதினைந்து நாளைக் கொடுக்க எந்தத் திட்டத்துக்கும் மனம் வருவதில்லை!

கொள்ளிடக்கரை

சரியாகச் சொன்னீர்கள். பிச்சாவரத்தில் முதலில் மீட்டது தண்ணீரின் போக்கைத்தான், நடவு அதற்குப் பிறகு. ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ ஒரு பிரதான கால்வாய், அதன் இரு பக்கமும் மீன்முள் மாதிரிச் சாய்வாகக் கிளைகள். மேலே அகலம், அடியில் குறுகல். செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே கரை சரியும். கன்றுகளைக் கரைச்சரிவின் நடுமட்டத்தில் வைக்கவேண்டும். மேலே வைத்தால் காயும், கீழே வைத்தால் மூழ்கும். அடி மட்டத்தைக் கொத்தனார் டியூப் மட்டத்தாலேயே பார்த்துவிடலாம்: உள்ளே போகப்போக உயர வேண்டும், வாய்தான் எல்லாவற்றிலும் தாழ்வு. இது தலைகீழாகிவிட்டால் நீங்கள் வெட்டியது இன்னொரு குட்டை. அள்ளிய சேற்றை வரப்பு மாதிரித் தொடர்ச்சியாகக் குவிப்பது அடுத்த தப்பு. இடையிடையே திறப்பு விடாவிட்டால் பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர் ஏறாது.

உப்பங்கழி

நல்லது. இப்போது என் கேள்விக்கு வருவோம். பிரதான கால்வாய் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்று வையுங்கள். 100 மீட்டருக்கு 200 கன மீட்டர் மண். கால் பங்கு தூர்ந்தால் 50 கன மீட்டர். ஈரச் சேற்றில் ஒருவர் ஒரு நாளில் 2 கன மீட்டர் அள்ளினால் பெரிது. ஆக 100 மீட்டருக்கு 25 ஆள் நாள், கிளைகள் தனி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இந்தச் செலவு யாருடையது? நடவுக்குப் பணம் வருகிறது, 2023-24 பட்ஜெட்டில் ஒன்றிய அரசு கண்டலுக்கென்றே மிஷ்டி திட்டம் அறிவித்தது. தூர்வாருவதை யார் ரிப்பன் வெட்டித் திறப்பார்கள்?

இன்னொன்று. "சுனாமியில் காடு ஊரைக் காப்பாற்றியது, அதனால் மக்கள் காட்டை மதிக்கிறார்கள்" என்ற வரி. 2005இல் இந்தக் கரையோரம் 18 குப்பங்களின் கணக்கை வைத்து ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. அடுத்த ஆண்டே அதே எண்களை மறுபடி அலசிய வேறு சிலர், ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று காட்டினார்கள். இன்றும் மேடையில் முதலாவதுதான் ஓடுகிறது.

வலைக்காரன்

சுனாமி எப்போதோ ஒரு நாள். குப்பத்தில் காட்டின் மதிப்பு தினமும் தெரிவது இறாலிலும் நண்டிலும்தான். பிச்சாவரத்து இருளர்களைப் பாருங்கள். பலருக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, வேர்களுக்கு நடுவே இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி, கை ஒழியாததால் அதைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். காடு போனால் முதலில் காலியாவது அந்தப் பறிதான். இவர்களுக்குக் காட்டின் மேல் மதிப்பு உண்டா என்று கேட்பதே வேடிக்கை.

ஆனால் அந்தக் காடு வனத்துறையின் காப்புக்காடு. கால்வாய் வெட்டும்போது அவர்கள் சொல்வது "உங்கள் காடு". வெட்டி முடித்த பிறகு உள்ளே இறங்கினால் "யாரைக் கேட்டு வந்தாய்". வனத்துறையும் ஊரும் சேர்ந்து காட்டைப் பார்க்கும் கூட்டு வன மேலாண்மையில் விளைபொருளில் பங்கு என்கிறார்கள். கண்டலில் மரம் வெட்டவே கூடாது, பிறகு எதில் பங்கு? மீனில்தானே இருக்க முடியும். 2006 வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, காட்டுக்குள் உள்ள நீர்நிலைகளின் மீன்மீதும் சமூக உரிமை பேசுகிறது. இருளர் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அந்தக் காகிதம் கைக்கு வரட்டும், தூர்வாருவதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

உப்பங்கழி

அப்படியானால் நீங்களும் என் பக்கம்தான். உரிமை இல்லாமல் ஆதரவு இல்லை என்கிறீர்கள்.

வலைக்காரன்

இல்லை. ஆதரவு ஏற்கெனவே இருக்கிறது, உரிமைதான் இல்லை. இரண்டும் ஒன்றாகாது.

கொள்ளிடக்கரை

மாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. புது நடவில் பாதியைத் தின்பது அதுதான். புரட்டாசியிலிருந்து தை வரை வயலில் சம்பா நிற்கும், மேய்ச்சலுக்கு இடமில்லை, மாடு நேரே வெண்கண்டல் இளந்தளிருக்கு வரும். முள்வேலி ஒரு மழைக்குத் தாங்கும். காவலுக்கு ஆள் போட்டால் மாட்டுக்காரர்களோடு சண்டைதான் மிச்சம். அந்த நான்கு மாதத்துக்கு வைக்கோலோ பசுந்தீவனமோ எங்கிருந்து வரும் என்று கன்று வாங்கும் முன்பே கிராமக் கூட்டத்தில் முடிவாக வேண்டும். மாடு வளர்ப்பவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வராவிட்டால் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள்.

மட்டுநகரான்

வெண்கண்டலுக்கு நிழற்கூடு போட்டு பாலித்தீன் பையில் வளர்க்கவே தேவையில்லை, வாய்க்கால் திறந்திருந்தால் விதை தானாக மிதந்து வந்து ஒட்டும் என்பது என் கட்சி. தாய் மரம் பக்கத்தில் இல்லாத இடத்துக்குத்தான் நடவு.

கொள்ளிடக்கரை

முத்துப்பேட்டையில் ஒப்புக்கொள்வேன், அங்கே பெரும்பாலும் வெண்கண்டல்தான். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எவ்வளவோ முறிந்தும் விதைக்குப் பஞ்சமில்லை. சுரபுன்னை வேண்டும் என்றால் காய் பொறுக்கித்தான் ஆக வேண்டும். காயின் தலையில் உள்ள தொப்பியை ஒட்டிய வளையம் நிறம் மாறி, தொட்டால் கழன்று வர வேண்டும். பச்சையாகப் பறித்தது அழுகும். மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், கூர்முனை கீழே. தலைகீழாகக் குத்தியதையெல்லாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உப்பங்கழி

சரி, 25 ஆள் நாள்?

வலைக்காரன்

ஆடி, ஆவணியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது முதலில் வாயை மட்டும் திறந்துவிட்டால் முழு நீளத்தையும் அடிக்கடி தோண்ட வேண்டியதில்லை. ஐப்பசி மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போவதற்குள் திறந்திருக்க வேண்டும், அதுதான் கெடு. வாய்க்கு 5 ஆள் நாள் போதும். அந்த ஐந்தையும் குப்பம் போடும், மறுநாள் அதே கால்வாயில் இறால் பிடிக்க விடுவார்கள் என்றால்.