ஆம்புலன்ஸ் ஆய்வில் எந்தக் கேள்விக்கு முதலிடம்? – அனுபவப் பகிர்வு

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்

முன்னுரிமைப் பட்டியலுக்கு வருவதில் பெரும்பாலானவை கேள்விகளே அல்ல, வெறும் தலைப்புகள். "மாரடைப்பு", "முதியவர் விழுவது" என்று அப்படியே டெல்பி சுற்றுக்கு (பல தரப்பினரும் சுற்றுச் சுற்றாக மதிப்பெண் போட்டு ஒருமித்த முடிவுக்கு வரும் முறை) அனுப்பினால் எல்லாமே ஒன்பதுக்கு எட்டு வாங்கிவிடும். யாருக்கு, என்ன செய்து, எதற்குப் பதிலாக, எதை அளப்பது என்ற நான்கையும் எழுதிவிட்டு அனுப்புங்கள். இரண்டாம் சுற்றில் பாராமெடிக் (ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் பணியாளர்), மருத்துவர், நோயாளி தரப்பு மூன்றின் மதிப்பெண்களையும் தனித்தனியே காட்டுங்கள். மொத்தச் சராசரி என்றால் ஆள்பலம் உள்ள தரப்பு சொன்னதுதான் பட்டியல்.

அவசரப் பிரிவு மருத்துவர்

எதை அளப்பது என்ற அந்த நாலாவதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிட்டனின் பாராமெடிக்-2 ஆய்வைப் பாருங்கள் (2018இல் வெளியானது, 5 ஆம்புலன்ஸ் சேவைகள், 8,014 நோயாளிகள்). இதயம் நின்றுபோனவர்களுக்கு அட்ரினலின் மருந்தா, வெறும் சலைனா (உப்புநீர்)? துடிப்பு திரும்பியது அட்ரினலினில் 36.3%, சலைனில் 11.7%. இதோடு நிறுத்தியிருந்தால் மருந்துக்கு அமோக வெற்றி. 30ஆம் நாள் உயிரோடு இருந்தவர்கள் 3.2%, 2.4%. ஓரளவு நல்ல மூளைத்திறனோடு ஆஸ்பத்திரியை விட்டுப் போனவர்கள் 2.2%, 1.9%, இதில் தெளிவான வித்தியாசம் இல்லை. பிழைத்தவர்களில் கடும் மூளைப் பாதிப்பு அட்ரினலின் பக்கம்தான் கூடுதல். எதை அளப்பது என்று நோயாளி தரப்பைக் கேட்காமல் முடிவுசெய்யவே கூடாது.

பாராமெடிக் பயிற்சியாளர்

வண்டியில் நடக்குமா என்பதையும் அதே கூட்டத்தில் கேளுங்கள். பாராமெடிக்-2இல் எண் போட்ட பொதி. உள்ளே பார்க்க ஒரே மாதிரி 10 சிரிஞ்சுகள், மருந்து அல்லது சலைன் முன்பே நிரப்பியவை. பொதியைத் திறந்தாலே எந்தக் குழு என்பது முடிவாகிவிடும். நெஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது போன் போட்டு, கணினியில் சீட்டுக் குலுக்க ஏது நேரம்? ஒப்புதலும் முன்கூட்டி வாங்க முடியாது. பிரிட்டனில் 2006 சட்டத் திருத்தம் முன் ஒப்புதல் இல்லாமலே சேர்க்க இடம் கொடுத்தது. ஆய்வில் சேர வேண்டாம் என்பவர்கள் முன்பே ஒரு கைவளையம் கேட்டு வாங்கி அணிந்துகொள்ள முடிந்தது.

தரவுப் பணி

பல கேள்விகள் ஆஸ்பத்திரி வாசலோடு செத்துப்போகின்றன. வண்டியின் தாளில் "பெயர் தெரியாத ஆண், 50 இருக்கும்". வார்டில் முழுப் பெயரும் வேறு எண்ணும். இரண்டையும் சேர்க்க முடியாமல் விடுபடுவோரில் வீடற்றவர்கள், தனியாக இருப்பவர்கள் அதிகம், அதனால் முடிவும் ஒரு பக்கம் சாயும். வண்டி வந்து சேர எத்தனை நிமிடம் என்ற கணக்கு மட்டும் கணினியில் தயாராகக் கிடைக்கும். அதனால் எல்லாரும் அதையே அளப்பார்கள். இங்கிலாந்தில் 8 நிமிட இலக்கு இருந்த காலத்தில் கடிகாரத்தை நிறுத்தவே ஒரு காரை முன்னால் அனுப்புவது நடந்தது. நோயாளியை ஏற்றிப்போகும் வண்டி பிறகுதான் வரும். 2017இல் அந்த முறையை மாற்றினார்கள்.

மதிப்பெண் தாளில் "ஆஸ்பத்திரிப் பதிவோடு இணைக்க முடியுமா?" என்று ஒரு கட்டம் சேருங்கள். முடியாது என்று வந்தால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடாமல், இணைக்கும் வேலையையே பட்டியலில் அதற்கு மேலே ஏற்றுங்கள்.