மறு: நடுவில் போடும் குளிருடுப்புக்கு என்ன சொல்? ‘இடையாடை’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கம்.

‘இன்சுலேட்டிங் மிட் லேயர்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் தேடும் உங்கள் மடல்களை மூன்று நாளாக வாசித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பனிமலை ஏறுபவர்களுக்கான கையேட்டில் உடுப்பு அத்தியாயம் என் தலையில் விழுந்திருப்பதால் இனியும் அப்படி இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

> தோலோடு ஒட்டியதற்கும் வெளி ஜக்கெட்டுக்கும் இடையில் இருப்பதால் ‘இடையாடை’. இதைவிட எளிதாக என்ன வேண்டும்?

அண்ணை, இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் நேற்றிரவு அம்மாவிடம் “இடையாடை என்றால் என்னம்மா?” என்று கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே “பாவாடை. ஏன்?” என்றார். உடுப்புப் பேச்சு வந்துவிட்டால் தமிழில் இடை இடுப்புக்குப் போய்விடுகிறது. அதை மேலே இழுத்துக் கொண்டுவர எங்களால் ஆகாது.

‘நடுப்படை’ என்ற மட்டக்களப்புத் தம்பிக்கும் ஒரு சொல். ஓசோன் படை என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அடுக்கைப் படை என்பது பழக்கம்தான். ஆனால் அது வளிமண்டலத்தில் இருக்கும்வரைதான் சரி. உடம்புக்கு மேலே வந்தால் சொறி, சிரங்கு, படை என்ற வரிசையில் போய் நின்றுகொள்ளும். கொழும்பில் இன்னொரு கரைச்சலும் உண்டு. எங்காவது ‘நடுப்படை’ என்று எழுதியிருந்தால் நான் அடையாள அட்டையைத் தேடிப் பொக்கெட்டுக்குள் கைவிடுவேன்.

சரி, சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம் என்று நினைத்தேன். வியர்வையில் சேட் முதுகோடு ஒட்டும் ஊரில் குளிருடுப்பை எங்கே போட்டுப் பார்ப்பது? மீன் ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் வேலை பார்க்கும் நண்பரைப் பிடித்து, அவர்களுடைய கூல்ரூமுக்குள் போனேன். கழித்தல் 18 பாகை. கையில் இரண்டு உடுப்பு: ஒரு மெல்லிய பிளீஸ் (பொலியெஸ்டரில் செய்த மயிர்த்துணிச் சட்டை), ஒரு மொத்தமான இறகு ஜக்கெட். முதலில் அசையாமல் நின்றேன். பிளீஸுக்குள் ஐந்தாவது நிமிடமே முழங்கை விறைக்கத் தொடங்கியது. இறகுக்குள் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. அப்புறம் நண்பர் சிரித்துக்கொண்டு மீன் பெட்டிகளைக் காட்டி “அடுக்கு” என்றார். ஏழெட்டுப் பெட்டி தாண்டுமுன் இறகுக்குள் முதுகு நனைந்துவிட்டது. பிளீஸை மாற்றிக்கொண்டு அடுக்கினால் உடம்பு கணகணவென்று சுகமாக இருந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற, அங்கே பல வருடம் வேலை செய்த ஐயா ஒருவர் சொன்னார்: “வேலை செய்யேக்க மெல்லிசு, நிக்கேக்க மொத்தம், தம்பி. உதுக்கு ஏன் இவ்வளவு பாடு?”

மூன்று நாளாக இங்கே யாரும் தராத வரைவிலக்கணம் அது.

எந்த உடுப்பும் சூடு தருவதில்லை. சூடு உடம்பினுடையது. உடுப்பு செய்வதெல்லாம் காற்றைப் பிடித்து அசையவிடாமல் வைத்திருப்பது. அசையாத காற்று மிக மோசமான வெப்பக் கடத்தி. தண்ணீர் அதைப்போல ஏறத்தாழ 25 மடங்கு கடத்தும். ஆகவே காற்று இருந்த இடத்தில் வியர்வை வந்து உட்கார்ந்தால் காரியம் கெட்டது. இதை நான் நேபாளத்தில் 5,000 மீற்றருக்கு மேலே பட்டுத் தெளிந்தேன். விலை கூடிய இறகு ஜக்கெட்டை வெளி ஜக்கெட்டுக்கு உள்ளே போட்டுக்கொண்டு காலை முழுக்க ஏறினேன். குளிரவேயில்லை என்று பெருமை வேறு. மத்தியானம் கயிற்றுக்காகக் காத்து நின்ற இருபது நிமிடத்தில் பல்லடிக்கத் தொடங்கிவிட்டது. இரவு கூடாரத்துக்குள் தடவிப் பார்த்தால், உள்ளே இருந்தது பழஞ்சோறு மாதிரி மூலைக்கு மூலை கட்டிபட்டுக் கிடக்கிறது. பிழை ஜக்கெட்டில் இல்லை, என்னில். நிற்கும்போது போடவேண்டியதை நடக்கும்போது போட்டிருந்தேன்.

ஆகவே என் வாதம் இதுதான்: ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். நாங்கள் மொழிபெயர்க்கப் பார்க்கும் ஆங்கிலத் தொடர் இடத்தையும் வேலையையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. இடத்துக்கு ‘நடுவுடுப்பு’ என்போம். உடுப்பு என்பது எங்கள் வீட்டுச் சொல். ஆடை என்றால் கல்யாண வீட்டுக்குப் போவது போல இருக்கிறது. வேலைக்கு ‘காவலுடுப்பு’. பள்ளிக்கூட விஞ்ஞானத்தில் கடத்தி, காவலி என்று படித்தோமே, வெப்பத்தைக் கடத்தாத அந்தக் காவலிதான். சென்னை நண்பர் ‘வெப்பக்காப்பு ஆடை’ என்றார். புரிகிறது, ஆனால் தொடர் நீளம், காப்பு என்றதும் எனக்குக் கையில் போடுவதுதான் முதலில் வருகிறது.

பிரித்தால் என்ன லாபம்? தோழர் ஏறும்போது நீங்கள் கீழே கயிறு பிடித்து நிற்கிறீர்கள். மொத்த ஜக்கெட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே, வெளி ஜக்கெட்டுக்கும் மேலே, மாட்டுகிறீர்கள். அது நடுவில் இல்லை, ஆனால் காவல்தான். மாறாக, ஏறும்போது உள்ளே கிடக்கும் மெல்லிய கட்டம்போட்ட பிளீஸ் நடுவுடுப்பு. கொஞ்சம் சூட்டைப் பிடிக்கும், மிச்ச வேலை வியர்வையை வெளியே கடத்துவது. இந்த வித்தியாசம் சொல்லிலேயே இருந்திருந்தால் நான் அன்று பல்லடித்திருக்க மாட்டேனோ என்னவோ. இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் ‘காவல் நடுவுடுப்பு’ என்று எழுதலாம்.

> காவலுடுப்பு என்றால் பொலிஸ்காரரின் யூனிபோர்ம் என்று நினைப்பார்களே?

நினைக்கலாம், அக்கா. இங்கே பொலிஸைப் பொலிஸ் என்றுதானே சொல்கிறோம், காவலர் என்பது பத்திரிகையில்கூடக் குறைவு. அந்த ஆபத்து தமிழ்நாட்டில்தான் அதிகம். அதோடு, உடுப்பு என்ற சொல்லையே வெட்டி ஒட்டி அறிவியல் சொல் செய்வது புதிதும் அல்ல. உடுப்பின் காவலை அளக்கும் ‘குளோ’ என்ற அலகை 1941இல் கேஜ், பேர்ட்டன், பசெற் மூவரும் முன்வைத்தபோது, உடுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். 21 பாகை அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாக இருக்கும் அளவு உடுப்பு, 1 குளோ. அவ்வளவுதான்.

இனி உள்ளே அடைப்பது. நான் மேலே ‘இறகு ஜக்கெட்’ என்று எழுதியது சோம்பலால். இறகு வேறு, இது வேறு. தண்டு இல்லாமல், வாத்தின் நெஞ்சுப் பக்கம் பஞ்சுபோல இருப்பது தூவி. நெடுநல்வாடையில் அரசியின் படுக்கைக்குள் போவது அன்னத்தின் தூவி, அதுவும் வாடை அடிக்கும் காலத்தில். இதைவிடப் பொருத்தமான சாட்சி வேறு எங்கே கிடைக்கும்? ‘தூவிக் காவலுடுப்பு’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம். (மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனுக்கு, மயில் ஏற்கெனவே காவலுடுப்போடுதான் நிற்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.) நல்ல தூவி 28 கிராம் விரிந்தால் 800 கன அங்குலம், கிட்டத்தட்ட 13 லீற்றர், ஒரு வாளி நிறையக் காற்று. அந்த 800க்கு ‘விரிதிறன்’ என்று எழுதியிருக்கிறேன்.

பிளீஸைத் தமிழில் எழுதிவிட்டு வாசித்தால் கெஞ்சுவதுபோல் இருக்கிறது. சடைநாய் என்கிறோமே, அப்படி ‘சடைத்துணி’ என்றால் என்ன? ஹற்றன் நண்பர் சொன்ன ‘கம்பளி’யை நான் விரும்பினாலும் எடுக்க முடியாது. தோட்டத்தில் மழையோடு கொழுந்து பறித்தவர்கள் தலையில் போட்ட கம்பளி உண்மையான ஆட்டு மயிர்; நனைந்தாலும் ஓரளவு சூடு பிடிக்கும். அந்தப் பெயரைப் பொலியெஸ்டருக்குக் கொடுத்தால் கம்பளிக்கு நாளைக்கு வேறு பெயர் தேட வேண்டிவரும்.

‘மெய்ப்பை’ என்ற பழைய சொல்லை வீணாக்க வேண்டாம் என்ற ஆசிரியரின் மடலுக்கு முழு உடன்பாடு. முல்லைப்பாட்டின் யவனர் போட்டிருப்பது உடம்போடு கிடக்கும் சட்டை. ஆகவே அதைத் தோலோடு ஒட்டும் முதல் உடுப்புக்குக் கொடுத்துவிட்டேன். வெளியே இருப்பது ‘புறவுடுப்பு’. இதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

இலங்கையில் இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜயந்தி குரு உதும்பால 2016 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். நாட்டிலிருந்து போன முதல் ஆள். மலையே ஏறாதவர்களுக்கும் வேண்டும். 1978இலிருந்து கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் குளிர்நாட்டவர் உடுப்பைத் தைத்து அனுப்புகிறோம். தைப்பவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

அதனால்தான் கடைசிக் கேள்வி. தூவி கீழே இறங்கி ஒரு பக்கம் குவியாமல் இருக்க, ஜக்கெட்டில் குறுக்கே கோடு கோடாகத் தைத்து அறை அறையாகப் பிரித்திருப்பார்களே, அந்த அறை ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர்? போன மாதம் இங்கே சேர்ந்த தங்கச்சி ஆடைத் தொழிற்சாலையில் இருப்பதாகச் சொன்ன ஞாபகம். லைனில் இருப்பவர்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு வியாழனுக்குள் எழுதுங்கள். சிங்களச் சொல்லாக இருந்தாலும் சரி, அதையே போடுகிறேன்.