கையை அறுத்துக்கொள்வதில் என்னப்பா சிரிப்பு?

செங்காங் சரவணன் (வெள்ளி, இரவு 11.40)

தேசிய சேவையில் (கட்டாய ராணுவ சேவை) இருக்கும் மகன் இன்று கேம்ப்பிலிருந்து புக்அவுட் ஆகி, அதாவது விடுப்பில், வந்தான், கூடவே மூன்று நண்பர்கள். ஹாலில் உட்கார்ந்து 1987இல் வந்த 'ஈவில் டெட் 2' என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தைப் போட்டார்கள். நான் அடுப்படியில் மீ கோரெங் கிளறிக்கொண்டிருந்தேன். வீடே அதிர்கிற மாதிரி சிரிப்பு. ஏதோ காமெடி என்று எட்டிப் பார்த்தால், ஒருவன் தன் கையைத் தானே மரம் அறுக்கும் மெஷினால் அறுத்துக்கொண்டிருக்கிறான். முகமெல்லாம் ரத்தம் தெறிக்கிறது. இந்த நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

பயமுறுத்தினால் சரி, சிரிக்க வைத்தாலும் சரி. ஒருவன் வலியில் துடிக்கும்போது சிரிக்கச் சொல்லிக் கொடுப்பது என்ன கலை? நான் கட்டுப்பெட்டி இல்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

புளோக் பேய் (வெள்ளி, இரவு 11.58)

அண்ணே, பாதியில் எட்டிப் பார்த்ததுதான் கோளாறு. அந்தக் கைக்குப் பேய் பிடித்துவிட்டது. தட்டு தட்டாக எடுத்து அவன் மண்டையிலேயே உடைக்கிறது. அவன் மயங்கி விழுந்ததும் விரல்களைத் தரையில் ஊன்றி, வெட்டுக்கத்தி கிடக்கும் பக்கமாக அவனையே இழுத்துக்கொண்டு போகிறது. வேறு வழியில்லாமல் அறுக்கிறான். அறுந்த கை ஓடிவிடக் கூடாதென்று வாளியைக் கவிழ்த்து, மேலே புத்தகங்களை வைக்கிறான். மேலே இருக்கும் புத்தகம் ஹெமிங்வேயின் 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்'. ஆர்ம்ஸ் என்றால் ஆயுதம், கை இரண்டும்தான். கைக்கு விடைகொடுத்துவிட்டான்!

இயக்குநர் சாம் ரைமி சின்ன வயதிலிருந்தே 'த்ரீ ஸ்டூஜஸ்' என்ற பழைய அமெரிக்கக் காமெடிக் குழுவின் பைத்தியம். கண்ணில் குத்துவது, மண்டையில் அடிப்பது என்ற அந்தப் பழைய கூத்தைத்தான் பேய்வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். ரத்தம்கூட ஒரே நிறம் இல்லை, பச்சையாகவும் கறுப்பாகவும் பீய்ச்சியடிக்கும். அமெரிக்கத் தணிக்கையில் எக்ஸ் முத்திரை (பெரியவர்களுக்கு மட்டும்) விழாமல் தப்பிக்கச் செய்த வேலை அது. பச்சை ரத்தத்தைப் பார்த்து யாருக்கு வலிக்கும்?

அப்புறம், உங்கள் மகனுக்கு நாடு துப்பாக்கி கொடுத்திருக்கிறது. ஆனால் 21 ஆகும்வரை ஆர்21 (21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்) படத்துக்கு டிக்கெட் கொடுக்காது. அதைப் பற்றி ஒரு திரி ஆரம்பியுங்கள், நான் வருகிறேன்.

செங்காங் சரவணன் (சனி, காலை 7.15)

தம்பி, பேச்சை மாற்றாதே. கறுப்போ பச்சையோ, அந்த ஆள் அலறுகிற அலறல் நிஜ மாதிரி இருக்கிறது. அதற்குத்தான் நாலு பேரும் சிரித்தார்கள், புத்தகத்துக்கு இல்லை.

நைட் ஷிஃப்ட் மீனா (சனி, காலை 8.30)

வேலை முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், தூக்கம் வரவில்லை. அவசரப் பிரிவில் பதினொரு வருடமாக நர்ஸ்.

ஒரு தடவை ஒரு தொழிலாளத் தம்பியைக் கூட்டி வந்தார்கள். அறுந்த விரலைக் கைக்குட்டையில் சுற்றித் தானே பிடித்திருந்தார். அலறவே இல்லை. 'அக்கா, வீட்டுக்குச் சொல்லிடாதீங்க' என்று இரண்டு முறை சொன்னார், அவ்வளவுதான். நிஜம் அப்படித்தான், சத்தமே இருக்காது. அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன், நன்றாகவே சிரித்தேன். அந்தத் தம்பி ஒரு நொடிகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

எனக்கு ஆகாதது வேறு. நம் மாஸ் படங்களில் ஹீரோ இருபது பேரை அரிவாளால் சாய்த்துவிட்டு ஸ்லோமோஷனில் நடப்பார். விழுந்தவன் யாரென்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தியேட்டரில் விசில் பறக்கும். ஈவில் டெட்டில் அடிபடுகிறவனே ஹீரோ. படம் முழுக்க அவன் பக்கம் நின்றுதான் சிரிக்கிறோம். சரவணன் அண்ணன் மாஸ் படம் பார்க்க மாட்டாரா?

பழைய சிலபஸ் (சனி, காலை 10.05)

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். பேய்ப் படம் பார்ப்பதில்லை, தலைவலி. ஆனால் ரத்தமும் சிரிப்பும் சேர்வது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள், 12ஆம் நூற்றாண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கலிங்கப் போர் முடிந்த களத்தில் பேய்கள் பிணங்களை வைத்துக் கூழ் சமைக்கின்றன. சாப்பிடுமுன் யானைத் தந்தத்தால் பல் விளக்கு, விலா எலும்பால் நாக்கு வழி என்று ஒழுங்குமுறை வேறு! பந்தியில் சமணப் பேய் ஒன்று. உயிரைக் கொல்லாது, ஒரு வேளைதான் உண்ணும். அதற்காகக் கூழில் மயிர் விழாதபடி கொழுப்புத் துணியில் வடிகட்டி ஊற்றச் சொல்கிறார்கள். பிணக்கூழில் ஆசாரம்! வகுப்பில் நடத்தும்போது பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

புளோக் பேய் (சனி, காலை 10.12)

ஐயா, இது போதும் எனக்கு. கேஸ் முடிந்தது.

செங்காங் சரவணன் (சனி, பகல் 1.20)

எங்கே முடிந்தது? ஐயா சொல்வது பாட்டு. காதால் கேட்கும்போது நம் மனசு தாங்குகிற அளவுக்குத்தான் கற்பனை போகும். திரையில் அவன் காட்டுகிற அளவுதான் அளவு. அதோடு, தோற்றவனுடைய பிணத்தை வைத்து ஜெயித்த ராஜாவுக்குப் புகழ் பாடுவது பரணி. மீனா மாஸ் படத்தைத் திட்டினாரே, அதே கணக்கு இதற்கும் வராதா?

பழைய சிலபஸ் (சனி, பகல் 1.45)

வரும். நியாயமான கேள்வி. பரணி வென்றவன் பக்கத்துச் சிரிப்பு, மறுக்க மாட்டேன்.

நைட் ஷிஃப்ட் மீனா (சனி, மாலை 5.50)

தூங்கி எழுந்தேன். ஐயா, வகுப்பில் இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் நானும் தமிழில் நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

பேயும் சிரிப்பும் சேராது என்கிறவர்கள் சீனர்களின் பேய் மாதமான ஏழாம் மாதத்தில் எங்கள் புளோக்குக்கு வாருங்கள். கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைக்கு எதிரே முதல் வரிசை நாற்காலிகளைப் பேய்களுக்கென்று காலியாக விட்டிருப்பார்கள். மேடையில் ஹொக்கியன் என்ற சீன மொழியில் இரட்டை அர்த்த ஜோக் ஓடும். காலி நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து ஆச்சிகள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள்.

செங்காங் சரவணன் (ஞாயிறு, இரவு 9.30)

சரி, இன்று முழுப் படத்தையும் பார்த்தேன். மகனும் கூட உட்கார்ந்தான், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் பாவி.

கை சண்டை: சிரித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். சுவரில் மாட்டிய மான் தலை சிரிக்க ஆரம்பித்து, மேசை விளக்கும் சேர்ந்து குலுங்க, கடைசியில் அவனும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரிக்கிறானே, அங்கே எனக்கு உள்ளே ஜில்லென்றது. அந்த இடத்தில் மகனும் சத்தம் போடவில்லை.

ஆனால் நிலவறையில் இருக்கிற அந்தக் கிழவி ஹென்றியேட்டா? படத்தில் வரும் பேராசிரியரின் மனைவி. பெருத்து, அழுகி நிற்கிறாள். கண் பிதுங்கிப் பறந்து போய் இன்னொரு பெண்ணின் வாய்க்குள் விழுகிறது. அங்கே எதைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்? கிழவி உடம்பு என்பதுதான் ஜோக்கே. மீனா சொன்ன 'அவன் பக்கம் நின்று சிரிப்பது' இதற்கு ஒட்டாது.

புளோக் பேய் (ஞாயிறு, இரவு 9.41)

அந்தக் கிழவி வேஷத்துக்குள் இருப்பது டெட் ரைமி அண்ணே, இயக்குநரின் சொந்தத் தம்பி. ரப்பர் உடுப்புக்குள் வெந்து, ஒரு காட்சியில் அவர் வேர்வை உடுப்பின் காது வழியாக ஒழுகுவதே தெரியும்.

செங்காங் சரவணன் (ஞாயிறு, இரவு 9.44)

உள்ளே யார் இருந்தால் என்ன தம்பி, வெளியே இருப்பது கிழவிதானே.

நைட் ஷிஃப்ட் மீனா (ஞாயிறு, இரவு 9.52)

இதில் அண்ணன் சொல்வது சரி. நான் அந்த இடத்தில் சிரித்தேனா என்று யோசிக்கிறேன். சிரித்திருப்பேன் போலத்தான் இருக்கிறது. ஷிஃப்டுக்குக் கிளம்பணும்.

செங்காங் சரவணன் (ஞாயிறு, இரவு 9.55)

பார்த்துப் போ மீனா. ஐயா, அந்த வடிகட்டுகிற பாட்டை முழுசாகப் போடுங்களேன். மகன் கேட்கிறான்.