நாயின் முன்னங்கால் எலும்பு சேரவில்லை. பவளம், முட்டை ஓடு வைத்துச் செய்யலாமா?

மிளகுவீடு:
எங்கள் பொமரேனியன் மிளகுக்கு 3 வயது, இரண்டரை கிலோ. சோபாவில் இருந்து குதித்ததில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு எலும்பும் முறிந்தன. பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் ஆகியும் சேரவில்லை. எக்ஸ்ரேயில் முனைகள் தேய்ந்து, நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. இப்போது தோளில் இருந்து அவளுடைய எலும்பையே எடுத்து வைக்கலாம் என்கிறார் மருத்துவர். மூன்று காலில் நடப்பவளுக்கு இன்னோர் இடத்திலும் வலியா? பவளம், முட்டை ஓட்டில் இருந்தெல்லாம் எலும்பு இடைவெளியை நிரப்பும் பொருள் செய்கிறார்களாமே, அது போதாதா?

எலும்புவைத்தியன்:
நான் கால்நடை அறுவை மருத்துவர், 18 வருடமாக இதே வேலை. சின்ன இன நாய்களுக்கு அந்த இடம் மிகவும் மோசமானது. சுற்றிலும் சதை கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு. சேராமல் போனதற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

தோளில் இருந்து எடுப்பது முழு எலும்பை அல்ல. அதே காலின் மேல் எலும்பில் சின்னத் துளை போட்டு, உள்ளே பஞ்சு போல இருப்பதைச் சுரண்டி எடுப்போம். அதாவது நன்றாக இருக்கும் காலைத் தொட வேண்டியதில்லை. கையில் எடுத்தால் நனைந்த சிவப்பு மணல் மாதிரி இருக்கும். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன, எலும்பாக மாறு என்று தூண்டும் புரதங்கள் இருக்கின்றன, புது எலும்பு பற்றி ஏறச் சட்டகமும் இருக்கிறது. பவளமும் முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட். அவை தருவது சட்டகம் மட்டும்தான். பவளத்தின் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் ரத்தக் குழாய் உள்ளே நுழைய நல்ல வழி, அது உண்மை. ஆனால் ரத்தமே வராத இடத்தில் காலி வீட்டைக் கட்டி என்ன பயன்?

ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டரை கிலோ நாயிடம் அந்த மணல் கொஞ்சம்தான் கிடைக்கும். அப்போது தாது நீக்கிய எலும்புத் தூளைக் கலந்து அளவைக் கூட்டலாம். 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் அமிலத்தில் தாதுவைக் கரைத்து எடுத்த எலும்பைத் தசைக்குள் வைத்தார், தசைக்கு நடுவே புது எலும்பு முளைத்தது. மாணவனாக அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

முயல்லேப்:
ஆராய்ச்சி மாணவி நான். முயலின் முன்கை எலும்பில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, இந்த மாதிரிப் பொருட்களை நிரப்பிப் பார்ப்பது எங்கள் வேலை. பக்கத்து எலும்பு தாங்கிப் பிடிப்பதால் பெரும்பாலும் பிளேட்கூட வேண்டாம். படங்கள் அழகாக வரும். ஆனால் அது ஆரோக்கியமான முயல், புதிதாக வெட்டிய எலும்பு. மிளகின் கால் மூன்று மாதம் சேராமல் கிடந்தது. எங்கள் முடிவுகளை அப்படியே அங்கே பொருத்தாதீர்கள். அப்புறம், முட்டை ஓட்டுத் தூளைச் சாப்பாட்டில் போட்டால் இடைவெளி நிரம்பாது. நிறையப் பேர் கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

மிளகுவீடு:
அதே கால் என்றதும் பாதி பயம் போய்விட்டது. மருத்துவரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்?

எலும்புவைத்தியன்:
முதலில், பழைய பிளேட் ஏன் தோற்றது என்று கேளுங்கள். ஸ்க்ரூ ஆடுகிறதா? ஆடும் எலும்பில் எதை வைத்தாலும் நிற்காது. மூடிப்போன முனைகளைச் சீவி, எலும்பின் நடுவே ஓடும் மஜ்ஜைக் குழாயைத் திறக்கப் போகிறார்களா என்றும் கேளுங்கள். திறக்கும்போது, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே கிருமி இருந்தால் பவளத் துண்டு அதற்குக் குடியிருப்பாகிவிடும். அவளுடைய சொந்த எலும்பு அதைக் கொஞ்சமாவது தாங்கும். நான் அதையே முதலில் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மிளகுவீடு:
சரி, எழுதி வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை போகிறோம், எக்ஸ்ரே எடுத்ததும் இங்கே சொல்கிறேன்.