புதுப்பிப்பு: பத்தூர் நடராஜருக்காக வழக்காடியது யார்?

தமிழ்நாட்டுப் பத்தூரில் இடிந்து கிடந்த கோயிலின் நடராஜர் சிலை லண்டனில் போலீசிடம் பிடிபட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். 1976-ல் குடிசைக்குப் பக்கத்தில் மண் தோண்டிய கூலித் தொழிலாளிக்குக் கிடைத்து, பல கை மாறி, 1982-ல் கனடா நிறுவனம் ஒன்று வாங்கிய சிலை. அது யாருக்குச் சொந்தம் என்று லண்டனில் வழக்கு நடந்தது. "இடிந்து கிடந்த கோயிலுக்காக யார் வழக்காடினார்கள்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரி, முக்கியமான அதை விட்டுவிட்டேன்.

கோயிலே வழக்காடியது! நம் சட்டப்படி கோயிலும் ஒரு சட்ட நபர்; அதாவது, மனிதரைப் போலவே சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். அதன் சார்பில் தக்கார் (கோயிலைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்) நின்றார். ஆங்கிலேயச் சட்டத்துக்கு இது புதிது. ஆனாலும் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-ல் அதை ஏற்றது. சிலை கனடா நிறுவனத்துக்கு இல்லை என்றானது. பூசை நின்று, சுவர் சரிந்த பிறகும் கோயிலின் உரிமை சாகவில்லை என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஆண்டே நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.