கறுப்புக் கார்ன் பாம்பு கடிக்குமாம், வெள்ளை கடிக்காதாம்!

கரிசல்
'முதல் பாம்பு எது வாங்கலாம்' என்று நம் பாம்பு வளர்ப்புக் குழுவில் ஒரு பையன் பணிவாகக் கேட்டதற்கு ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி நேற்று கொடுத்த பதிலை அப்படியே ஒட்டுகிறேன்: "கார்ன் பாம்பில் அனெரி மட்டும் வேண்டாம். கறுப்பு என்றால் சிடுசிடுப்பு. என் அனெரி இரண்டு வருடத்தில் பதினொரு முறை கடித்திருக்கிறது. ஸ்னோ ஒரு தடவைகூடக் கடித்ததில்லை. வெள்ளை சாது." படித்ததும் குடித்த தேநீர் புரையேறிவிட்டது. என்னிடம் ஆறு வருடமாக ஓர் அனெரி, அதாவது கறுப்பும் சாம்பலுமான நிற வகைக் கார்ன் பாம்பு, இருக்கிறது. பெயர் கரியன். நான் கணினி முன்னால் உட்கார்ந்தால் சட்டைக் கைக்குள் நுழைந்து முழங்கையில் சுருண்டு தூங்குவான். நிறத்தைப் பார்த்துக் குணம் சொல்கிற வழக்கத்தைப் பெண் பார்க்கிற வீட்டோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா? பாம்புத் தொட்டி வரைக்கும் கொண்டுவர வேண்டுமா?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
பத்தொன்பது வருடமாகப் பாம்பு வளர்க்கிறேன் தம்பி. உங்கள் கரியன் முட்டையைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே என் வீட்டில் நான்கு தொட்டிகள் இருந்தன. நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு கடியையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பதினொன்று என்றால் பதினொன்றுதான்.

மரபணு மாலதி
கனடாவிலிருந்து ஒரு சின்னத் திருத்தம். அனெரியில் கறுப்பு கூடுவதில்லை. சிவப்பு காணாமல் போகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவின் புளோரிடா, கரோலினா காடுகளில் திரியும் சாதாரணக் கார்ன் பாம்பிடமும் அதே கறுப்பு இருக்கிறது. ஆரஞ்சும் சிவப்பும் மேலே இருப்பதால் நம் கண்ணுக்குத் தனியாகத் தெரிவதில்லை. இதைவிட முக்கியமான ஒன்று: ஸ்னோ என்பதே அமெலும் (கறுப்பு இல்லாத வகை) அனெரியும் சேர்ந்த பாம்பு. கறுப்பும் போய்விட்டது, சிவப்பும் போய்விட்டது, அதனால் வெள்ளை. ஆக, அண்ணாச்சியின் சாதுவான ஸ்னோவிடமும் அனெரி மரபணு இரண்டு பிரதி முழுதாக இருக்கிறது. அனெரி மரபணுதான் சிடுசிடுப்புக்குக் காரணம் என்றால் ஸ்னோவும் கடித்திருக்க வேண்டுமே?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
சாம்பாரிலும் பருப்பு இருக்கிறது, பாயசத்திலும் பருப்பு இருக்கிறது. இரண்டும் ஒன்றா அம்மா?

கரிசல்
பதில் சொல்லத் தெரியாவிட்டால் சமையலறைக்குள் ஓடிவிடுவதா? அந்த நோட்டை இங்கே போடுங்கள். பதினொரு கடியையும் பார்த்துவிடலாம்.

நிலா
எனக்கு ஒன்று தெளிவாக வேண்டும். குணம் என்று நாம் எதைச் சொல்கிறோம்? கடிப்பதையா? ஓடி ஒளிவதையா? வாலை ஆட்டிக் கிலுகிலுப்பு காட்டுவதையா? கையில் எடுத்தால் நாற்றத் திரவம் விடுவதையா? என்னிடம் உள்ள லாவெண்டர் நிற வகைக் கார்ன் பாம்பு இதுவரை கடித்ததில்லை. ஆனால் தூக்கினால் ஒவ்வொரு முறையும் என் மேல் கழித்துவிடுகிறது. அது சாதுவா, முரடா?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
கேட்டீர்கள் அல்லவா, பிடியுங்கள். நோட்டில் உள்ளபடியே எழுதுகிறேன்.
1, 2, 3: வாங்கிய முதல் மாதம்.
4: கண் பால் பூத்திருந்தபோது.
5: உணவு நாள், சனிக்கிழமை.
6: மூக்கால் இடித்தது.
7: தண்ணீர்க் கிண்ணம் மாற்றும்போது, இடது கட்டைவிரல், இரத்தம் இரண்டு சொட்டு.
8: தங்கை மகன் வாலைப் பிடித்தபோது.
9: உணவு நாள், சனிக்கிழமை.
10, 11: இரவு, ஒளிவிடத்திலிருந்து எடுக்கும்போது.
போதுமா?

கரிசல்
தாராளமாகப் போதும். இப்போது கழித்துப் பார்ப்போம். முதல் மூன்றும் குட்டிப் பருவம். ஒரு பென்சில் கனம்கூட இல்லாத குட்டி, பருந்துக்கும் காக்கைக்கும் இரையாகிற வயதில் மேலிருந்து வருகிற எதையும் கொத்தத்தான் செய்யும். அமெலாக இருந்தாலும் கொத்தும், ஒகீட்டி என்கிற இன்னொரு வகையாக இருந்தாலும் கொத்தும். நான்காவது, சட்டை உரிக்கப் போகிற நேரம். கண் மறைத்திருக்கும்போது கையை நீட்டியது உங்கள் தவறு. ஐந்தும் ஒன்பதும் உணவு நாள், உங்கள் கையில் எலி வாசனை. ஆறாவது கடியே இல்லை, மூக்கால் இடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டாவதில் வாலைப் பிடித்த பையனைத்தான் கண்டிக்க வேண்டும். பத்து, பதினொன்று: தூங்க இடம் கொடுத்துவிட்டு அந்த இடத்துக்குள்ளேயே கையை விட்டால் நானும் கடிப்பேன். மிஞ்சியது ஒன்று. பதினொரு கடி இப்போது ஒரு கடி. அந்த ஏழாவதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
ஏழாவதில் என்ன சந்தேகம்? இரத்தம் வந்தது தம்பி. உணவு நாளும் இல்லை, சட்டை உரிக்கிற நேரமும் இல்லை. பட்டப்பகல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தேன். கிண்ணத்தைத்தான் தொட்டேன், பாம்பைத் தொடவே இல்லை. சும்மா இருந்த என்னை வந்து கடித்தது. இதற்குப் பெயர் குணம் இல்லையென்றால் வேறு என்ன?

ஹாரோ குமரன்
அண்ணாச்சி சொல்வதை இப்படிச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 1959-இல் பெல்யாயெவ் என்கிற மரபியலாளர் தொடங்கிய நரிச் சோதனையை எல்லாரும் படித்திருப்பீர்கள். சாதுவான நரிகளை மட்டுமே தேர்ந்து இணைசேர்த்தார்கள். சில தலைமுறைகளில் வால் ஆட்டுகிற நரிகள் வந்தன, கூடவே நெற்றியில் வெள்ளைப் புள்ளியும் வந்தது. நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லையென்றால் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? 2008-இல் டுக்ரெஸ்ட், கெல்லர், ரூலன் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இருக்கிறது. முதுகெலும்புள்ள பல விலங்குகளில் கருமை கூடியவை சண்டைக்குணமும் கூடியவை என்றும், மெலனோகார்ட்டின் என்கிற ஒரே ஹார்மோன் ஏற்பாடு இரண்டு பக்கமும் கை வைப்பதால்தான் அப்படி என்றும் வாதிட்டார்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
இதைத்தான் நான் ஒரே வரியில் சொன்னேன். கறுப்பு என்றால் சிடுசிடுப்பு.

மரபணு மாலதி
குமரன், நரிக் கதை தலைகீழாக இருக்கிறது. அங்கே குணத்தைத் தேர்ந்தார்கள், நிறம் பின்னால் வந்தது. கார்ன் பாம்பில் எழுபது வருடமாக நிறத்தை மட்டும்தான் தேர்ந்திருக்கிறோம். வட கரோலினாவில் 1953-இல் காட்டில் பிடித்த ஓர் அமெல் ஆண் பாம்பிலிருந்துதான் இந்தக் கூத்தே தொடங்கியது. 1961-இல் வீட்டில் முதல் அமெல் குட்டிகள் பொரிந்தன. கடிக்கிற குட்டியா, கடிக்காத குட்டியா என்று அப்போது யார் பார்த்தார்கள்? அடுத்து, அமெலில் கெட்டிருப்பது மெலனோகார்ட்டின் அல்ல, ஓசிஏ2 மரபணு. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2015-இல் கண்டுபிடித்தார்கள். எங்கிருந்தோ தாவி வந்த ஒரு டிஎன்ஏ துண்டு அந்த மரபணுவுக்குள் செருகிக்கொண்டிருக்கிறது. மனிதரில் ஒருவகை அல்பினிசத்துக்கு, அதாவது பிறவியிலேயே தோலில் நிறம் குறைந்த நிலைக்குக் காரணமான அதே மரபணுதான் இது. நிலாவின் லாவெண்டருக்கு எல்ஒய்எஸ்டி என்று வேறொரு மரபணு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு பழுது. எல்லாவற்றையும் 'கறுப்பு, வெள்ளை' என்று இரண்டு பானையில் போட்டு மூட முடியாது. ஒரே வளர்ப்பாளரிடம் நெருங்கிய உறவிலேயே திரும்பத் திரும்ப இணைசேர்த்தால் அந்தக் கொடிவழி முழுக்கப் பயந்த சுபாவம் வரலாம். அது வம்சத்தின் விஷயம், நிறத்தின் விஷயமல்ல.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
வம்சம் முழுக்க வரலாம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. என் அனெரியின் வம்சம் முழுக்கக் கறுப்பு.

மரபணு மாலதி
நான் எழுதியதில் பாதியைத்தான் படிப்பீர்களா?

ஹாரோ குமரன்
சரி, ராயல் பைத்தானில் ஸ்பைடர் என்கிற மார்ஃப், அதாவது தோல் வரி வகை, எப்படி? அந்த வரி உள்ள பாம்புக்குத் தலை ஆடுகிறது, சில நேரம் இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவே தடுமாறுகிறது. தோல் வரிக்கும் உடம்புக்கும் உறவு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மரபணு மாலதி
அது உள்காதுக் கோளாறு. தலைசுற்றுகிறவரைக் கோபக்காரர் என்று சொல்வீர்களா?

தாம்பரம் சாரை
வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடித்துக் காட்டில் விடுகிற வேலை எனக்கு. நீங்கள் எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்பை வைத்து நிறம் பற்றிப் பேசுவதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கிறது. சாரைப்பாம்பில் மஞ்சளும் உண்டு, பழுப்பும் உண்டு, ஏறக்குறைய கறுப்பாகவும் உண்டு. வெயில் ஏறின மதியத்தில் பிடித்தால் மூன்றும் கடிக்கும். மார்கழி விடியலில் பிடித்தால் மூன்றும் கயிறு மாதிரிக் கிடக்கும். ஒரு பாம்பின் குணத்தில் பாதி அதன் உடம்புச் சூடுதான்.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
சாரையைப் பற்றி எனக்குச் சொல்லாதீர்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் சாரையும் நல்லபாம்பும் பிணைந்து நின்றதை என் பாட்டி கண்ணால் பார்த்தவள்.

தாம்பரம் சாரை
உங்கள் பாட்டி பார்த்தது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டியதை. அது இணைசேர்வதும் இல்லை, அதில் நல்லபாம்பும் இல்லை. வடநெம்மேலியில் பாம்பு பிடிக்கிற இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
என் பாட்டியைப் பொய்க்காரி என்கிறீர்களா?

தாம்பரம் சாரை
கரையில் நின்று பார்த்தார் என்கிறேன்.

கரிசல்
பாட்டியை விடுங்கள். தாம்பரத்து நண்பர் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சென்ற மார்கழியில் அண்ணாச்சி எனக்கு ஒரு பழைய தொட்டி விற்றார். தெர்மோஸ்டாட்டோடு நாற்பது பவுண்ட். வீட்டுக்குக் கொண்டுவந்து 29 டிகிரிக்கு வைத்துவிட்டு, நல்ல வேளையாகக் கரியனை உள்ளே விடாமல் படுத்தேன். விடிந்து பார்த்தால் சூட்டுப் பக்கம் 36. அதே தொட்டியில்தான் அண்ணாச்சியின் அனெரி ஒன்றரை வருடம் வாழ்ந்தது. அந்தச் சூட்டில் கிடந்தால் ஸ்னோ என்ன, சந்தனமே கடிக்கும்.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
நாற்பது பவுண்டுக்கு வாங்கியதை இன்னும் எத்தனை வருடம் சொல்லிக் காட்டுவீர்கள்? கொடுத்தபோது நன்றாக இருந்தது. ஈஸ்ட்ஹாமிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோன வழியில் ஆட்டியிருப்பீர்கள். ஏழாவது கடி நடந்தபோது தொட்டியில் 28 டிகிரி. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

கரிசல்
எந்தத் தெர்மோஸ்டாட் காட்டிய 28?

நிலா
ஸ்னோ உங்களிடம் வந்தபோது அதற்கு என்ன வயது அண்ணாச்சி?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
ஐந்து. பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து வந்தது. அதனால் என்ன?

நிலா
குழந்தைகள் தினமும் கையில் வைத்துப் பழக்கிய, ஐந்து வயது வளர்ந்த பாம்பையும் கடையிலிருந்து நேற்று வந்த குட்டியையும் பக்கத்தில் நிறுத்தி, வித்தியாசம் நிறத்தில் என்கிறீர்கள்.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
ஏழாவது கடியின்போது அனெரிக்கும் ஒன்றரை வயது தாண்டிவிட்டது. குட்டி இல்லை. யாரும் ஏழாவதுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்.

கரிசல்
நான் சொல்கிறேன். கடியா, கொத்தா? கொத்திவிட்டு உடனே பின்வாங்கினால் பயம். கவ்விப் பிடித்துச் சுற்றினால் பசி. உங்கள் ஏழாவது எது?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
கவ்வியது. விரலைச் சுற்றவும் செய்தது.

கரிசல்
அப்படியானால் பசி! உங்கள் கட்டைவிரலைச் சுண்டெலி என்று நினைத்திருக்கிறது. நிறம் எங்கே வந்தது?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
என் கட்டைவிரல் சுண்டெலி மாதிரியா இருக்கிறது? மரியாதையாகப் பேசுங்கள் தம்பி.

கரிசல்
எனக்கு நாற்பத்து நான்கு வயது. தம்பி என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள்.

ஹாரோ குமரன்
அண்ணாச்சி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஸ்னோவுக்கும் பசித்திருக்கும் அல்லவா? அது ஏன் கவ்வவில்லை?

மரபணு மாலதி
ஒரு அனெரி, ஒரு ஸ்னோ. உலகத்தில் இருக்கிற எல்லாக் கார்ன் பாம்புக்கும் இந்த இரண்டை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறோம். ஒரே ஈட்டில் பொரிந்த குட்டிகளில் பாதி அனெரி, பாதி சாதாரணம் என்று எடுத்து, ஒரே மாதிரித் தொட்டியில் வளர்த்து, நிறத்தைப் பார்க்காத ஒருவரை விட்டு எண்ணச் சொல்ல வேண்டும். யாராவது செய்யத் தயாரா?

தாம்பரம் சாரை
பாம்பைத் தூக்குகிறவர் நிறத்தைப் பார்க்காமல் எப்படித் தூக்குவார்? கண்ணைக் கட்டிக்கொண்டா?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
சோதனை எல்லாம் வேண்டாம். இப்போதுதான் கீழே போய்விட்டு வந்தேன். பன்னிரண்டு. வலது சுட்டுவிரல். சும்மா மூடியைத் திறந்தேன், அவ்வளவுதான். நோட்டில் ஏற்றிவிட்டேன்.

கரிசல்
இன்று சனிக்கிழமை.

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
சனிக்கிழமை என்றால் என்ன?

நிலா
உங்கள் நோட்டில் உணவு நாள் சனிக்கிழமைதானே?

ஈஸ்ட்ஹாம் அண்ணாச்சி
எலி இன்னும் உறைபெட்டியில்தான் இருக்கிறது. மூன்று மணி நேரமாக உங்களோடு எழுதிக்கொண்டிருக்கிறேன், எடுத்து வெந்நீரில் போட எனக்கு எங்கே நேரம்? கையில் வாசனை இருக்க வாய்ப்பே இல்லை. இதற்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?